பன்னிரண்டு ஆவர்த்தனம் சும்மா

அந்தச் சொல்லை இருபத்தெட்டுத் தாள்களில் என் கையாலேயே எழுதினேன். மென்மையான பென்சில், அழித்தால் தடம் தெரியாத வகை. ஆகவே பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

இந்த வெளிநாட்டு நகரத்தில், ஓர் இசைக்குழுவின் தாளறையில் எனக்கு வேலை. அரங்கின் கீழ்த்தளத்தில், வெந்நீர்க் குழாய்கள் முனகிக்கொண்டே ஓடும் நடைவழியில் கடைசிக் கதவு. அறுபது பேர் சேர்ந்து வாசிக்கும்போது ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் பங்கு மட்டும் எழுதிய தாள் இருக்கும். வயலின்காரர் தாளில் வயலின் மட்டும், அதுவும் இரண்டு பேருக்கு ஒரு தாள்; கொம்புக்காரர் தாளில் கொம்பு மட்டும். முரசு அடிப்பவர் தொண்ணூறு எண்ணிக்கை பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு ஒரே ஓர் அடி அடிப்பார். அவர் தாளில் தொண்ணூறு என்ற எண்ணும் அதற்கப்புறம் ஒரு புள்ளியும்தான். இந்தத் தாள்களைச் சரிபார்ப்பது, வில் எங்கே மேலே போகிறது எங்கே கீழே வருகிறது என்று குறிப்பது, கிழிந்ததை ஒட்டுவது, ஒத்திகைக்கு முன் ஸ்டாண்டுகளில் கொண்டுபோய் வைப்பது எல்லாம் நான். முழு இசையையும் ஒரே இடத்தில் எழுதிய பெரிய புத்தகம் ஒருவரிடம்தான் இருக்கும். முன்னால் நின்று குச்சி அசைப்பவரிடம். சித்தி அவருக்குக் குச்சிக்காரர் என்று பெயர் வைத்திருந்தாள்.

அம்மா வீணை வாசிப்பவள். முப்பது வருடங்களாக, வீணையைக் கேட்டே இராத காதுகளுக்கு வாசித்து வருகிறாள். பள்ளிக்கூடங்களின் உடற்பயிற்சிக் கூடங்களில் வாசித்திருக்கிறாள். நூலகத்தின் அடித்தளத்தில் வாசித்திருக்கிறாள். ஒருமுறை அருங்காட்சியகத்தில், கூரையிலிருந்து தொங்கும் திமிங்கல எலும்புக்கூட்டுக்குக் கீழே. அன்று எனக்கு ஏழு வயது. திமிங்கலத்தின் விலா எலும்புகளுக்குள்ளிருந்துதான் அந்த ஒலி வருகிறது என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். சாக்ஸபோன்காரர் ஒருவரோடு இரண்டு வருடம், தேவாலயப் பாடகர் குழு ஒன்றோடு ஒரு மழைக்காலம், தன் வாத்தியத்தைத் தானே செய்துகொண்ட ஒரு யாழ்க்காரியோடு நாலு இசைத்தட்டு. எல்லா இடத்திலும் அம்மாவுக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி, சித்தி தம்புராவோடு உட்கார்ந்திருப்பாள். நிகழ்ச்சித் தாளில் அம்மாவின் பெயர் பெரிதாக இருக்கும். சித்தியின் பெயர் சில ஊர்களில் விட்டுப்போகும். ஓர் ஊரில் 'மற்றும் ஒருவர்' என்று அச்சாகியிருந்தது. அதை வெட்டி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறாள்.

"என்ன சித்தி, கோவம் வரலையா?"

"எதுக்குடி கோவம்? நான் என்ன வாசிக்கவா செய்யறேன்? நாலு தந்தியைத் தடவிக்கிட்டு சும்மா உக்காந்திருக்கேன்."

இப்போதுதான் முதல்முறையாக ஒரு முழு இசைக்குழு அம்மாவை அழைத்திருந்தது. வீணைக்கும் அறுபது பேருக்குமாக ஓர் இசை. இரண்டு வருடமாகக் குச்சிக்காரரும் அம்மாவும் ஒருவருக்கொருவர் எழுதி எழுதி அனுப்பிக்கொண்டு அதைச் செய்திருந்தார்கள். மேளம் கொட்டுகிற முதல் பகுதி, ஓடி முடிகிற கடைசிப் பகுதி. நடுவில் பன்னிரண்டு ஆவர்த்தனம், அதாவது தாளம் பன்னிரண்டு முறை முழுச் சுற்றுச் சுற்றி வரும் நேரம், வீணை மட்டும் சஹானா ராகத்தில் மெல்ல உலாவும். வயலின் முதலான தந்திக்காரர்களும் கொம்புக்காரர்களும் கீழே ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இசைக்குழுவே சுருதி பிடிப்பதால் தம்புரா வேண்டாம் என்று முடிவானது. சித்தி தம்புராவுக்கு உறை போட்டு மூலையில் நிறுத்திவிட்டு, அதன் மேல் தன் குடையை மாட்டிவைத்தாள்.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். மைக் கூடாது.

வீணை கொஞ்சமாகப் பேசும் வாத்தியம். மீட்டியதும் ஒலி பிறந்து அடங்கத் தொடங்கிவிடும். ஆனால் அது அடங்குகிற அந்த நேரத்தில்தான் அம்மாவின் இடது கைக்கு வேலை. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, போய்க்கொண்டிருக்கும் ஒலியின் வாலைப் பிடித்து, ஒரே மீட்டில் நாலு ஸ்வரம் எடுத்துவிடுவாள். நான்காவது ஸ்வரம் இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாது. காலையில் வீட்டில் அவள் வாசிக்கும்போது பல் துலக்குவதை நிறுத்திவிட்டு, வாயில் நுரையோடு அந்த நான்காவதுக்காகக் காத்திருப்பேன். மேடையில் அதை எப்போதும் மைக் எடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்துவிடும். கண்ணாடிபோல மின்னுகிறது, உலோக மழைபோல இருக்கிறது என்று பத்திரிகையில் எழுதுவார்கள். "அது என் வீணை இல்ல, அவங்க பெட்டி," என்பாள் அம்மா. "மைக் என்னைத் தூக்கிக்கிட்டுப் போய் அவங்க காதுல போட்டுடுது. அவங்க ஒரு அடி எடுத்துவச்சு வரவே வேண்டாம்."

இந்த அரங்கோ மைக் பிறப்பதற்கு முன் கட்டியது. முழுக்க மரம். மேடையில் தீக்குச்சி உரசினால் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்பார்கள். அம்மா முதல்நாள் மேடையில் நின்று ஒருமுறை கைதட்டிப் பார்த்தாள். பிறகு அந்தச் சத்தம் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒரே ஒரு தடவை," என்றாள். அவளுக்கு வயது ஐம்பத்தாறு. இடது கை ஆள்காட்டி விரல் குளிர்நாட்களில் மரத்துப்போகத் தொடங்கியிருந்தது. அதை என்னிடம் சொல்லவில்லை. வெந்நீர் டம்ளரை அவள் எந்தக் கையால் பிடிக்கிறாள் என்பதை வைத்து நானே தெரிந்துகொண்டேன்.

தாள்களில் அந்த நடுப்பகுதிக்குக் குறிப்பு எழுதிய அன்று நாங்கள் மூவரும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம்.

"இந்த இடத்துல அவங்க எப்படி வாசிக்கணும்னு போடட்டும்மா?"

"சும்மா."

"சும்மான்னா? மெதுவாவா, மென்மையாவா?"

"மெதுவாவும் இல்ல, மென்மையாவும் இல்ல. சும்மாடி. உனக்குப் புரியுதில்ல?"

"எனக்குப் புரியுது. அவங்களுக்கு?"

சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அவங்க அலெக்ரோ அடாஜியோன்னு அவங்க வார்த்தையைத்தானே தாள் முழுக்கப் போட்டு வச்சிருக்காங்க? நமக்கு யாராவது அர்த்தம் சொன்னாங்களா? நம்ம வார்த்தை ஒண்ணு உள்ள போனா தாள் கிழிஞ்சுடுமா?"

அது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நூறு வருடம் கழித்து யாரோ ஓர் ஊரில் யாரோ ஒரு பெண் வயலினைத் தோளில் வைத்துக்கொண்டு, தாளில் அந்தச் சொல்லைப் பார்த்து உள்ளுக்குள் தளர்வதாகக் கற்பனை செய்தேன். அவர்கள் எழுத்தில், அழகாக, இருபத்தெட்டுத் தாள்களில் எழுதினேன்: summa. ஒத்திகை தொடங்குமுன் எல்லாருக்கும் அர்த்தம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். என்ன சொல்வது என்று ட்ராமில் போகும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை. தொடங்க மூன்று நிமிடம் இருக்கையில் ஒரு குழல்காரரின் தாளைக் காணோம். கீழே ஓடினேன். தாளறையில் அலமாரி அலமாரியாகத் தேடி, கடைசியில் என் நாவலுக்குள் பக்க அடையாளமாக வைத்திருந்ததைக் கண்டுபிடித்தேன். அதற்குள் மேலே முதல் பகுதி முடிந்துவிட்டிருந்தது. படியேறினேன். படி ஏற ஏற ஒலியும் ஏறியது. இந்த இடத்தில் ஒலி ஏறக்கூடாதே என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன்.

அறுபது பேரும் உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். கொம்புக்காரர்களின் முகம் சிவந்திருந்தது. வயலின் வில்கள் ஒரு காடு புயலில் ஆடுவதுபோல ஆடின. நடுவில் அம்மா, மேடையில் விரித்த கம்பளத்தில், கண்களை மூடிக்கொண்டு மீட்டிக்கொண்டிருந்தாள். விரல்கள் அசைந்தன, ஒலி இல்லை. ஓடும் ரயிலின் கண்ணாடிக்குப் பின்னால் யாரோ நம்மிடம் ஏதோ சொல்லிக்கொண்டே கடந்துபோவதுபோல் இருந்தது.

குச்சிக்காரர் கையைத் தாழ்த்தினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பிரமாதம்! ஆனா இந்த இடம் இவ்வளவு சத்தமா இருக்கணும்னா நாம பேசி வச்சோம்? வீணை கேக்கவே இல்லையே."

முதல் வயலின் அம்மாள் தன் தாளை வில்லின் நுனியால் தட்டிக் காட்டினாள். "உச்சம்னு போட்டிருக்கே. என் பட்டத்துலயே இந்த வார்த்தை இருக்கு."

லத்தீனில் summa என்றால் உச்சம், எல்லாவற்றுக்கும் மேலே; முதல் தரத்தில் தேறியவர்களின் பட்டத்தில் இங்கே அந்தச் சொல்லைப் போடுவார்கள். இருபத்தெட்டுத் தாள்களில் உச்சம், உச்சம் என்று எழுதி வைத்திருக்கிறேன். பெரிய புத்தகத்தில் மட்டும் எழுத மறந்திருந்தேன். அதனால் குச்சிக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"என்னடி சொல்றாங்க?" என்றாள் அம்மா.

"அம்மா… சும்மான்னா அவங்க பழைய மொழியில உச்சமாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவள் தோள்கள் குலுங்கத் தொடங்கின. வீணைக்குடத்தின் மேல் கவிழ்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பாதிப்பேர் காரணம் தெரியாமலே கூடச் சிரித்தார்கள். நான் மேடையின் விளிம்பில் நின்று, ட்ராமில் தயாரித்த விளக்கத்தைச் சொல்லப் பார்த்தேன். ஒன்றும் இல்லாமல், என்றேன். காரணம் இல்லாமல். வேலை இல்லாமல்.

"வேலை இல்லாம உக்காந்திருக்கவா?" என்றார் வரிசையின் ஓரத்தில் நின்ற பெரிய ஆள். ஆளைவிட உயரமான, அடித்தொண்டையில் பேசும் வயலின் அவருடையது. சித்தி முதல்முறை பார்த்தபோதே அவருக்குப் பீரோக்காரர் என்று பெயர் வைத்துவிட்டாள். "இருபது வருஷமா இந்த வார்த்தைக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

மறுபடி வாசித்தார்கள். இந்த முறை மிக மெதுவாக, கண்ணும் கருத்துமாக, வில்லின் ஒரு மயிரால் மட்டும். குச்சிக்காரர் இரண்டு உள்ளங்கைகளாலும் ஒலியைத் தரையோடு தரையாக அழுத்திக்கொண்டே இருந்தார். நான் கடைசி வரிசைக்குப் போய் நின்றேன். ஒருவர் பூனைபோல் நடந்தால் கேட்காது. அறுபது பேர் பூனைபோல் நடந்தால் அறுபது பூனைகள் நடப்பது கேட்கும். அவர்கள் மெதுவாக இருப்பதற்குப் பட்ட பாடு முழுவதும் அரங்கில் நிறைந்திருந்தது. வீணை அதற்குள் மூழ்கி எழுந்து மூழ்கியது. நான்காவது ஸ்வரம் வரவே இல்லை.

மூன்று முறை பார்த்தார்கள். குச்சிக்காரர் மேடையில் முழங்காலிட்டு அம்மாவுக்கு அருகில் உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான். "நாளைக்கு இடைவேளை வரைக்கும் பார்ப்போம். வரலைன்னா ஒரு சின்ன மைக். அரிசி அளவுதான். யாருக்கும் தெரியாது."

நான் மொழிபெயர்த்தேன்.

"எனக்குத் தெரியும்," என்றாள் அம்மா. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அன்று மாலை வீட்டில் அவள் வீணையின் தந்திகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி விரலை அடிக்கடி மடக்கி நீட்டினாள். நான் சமையலறைக்குப் போய்ச் சித்தியின் பக்கத்தில் நின்றேன்.

"சித்தி, நாளைக்கு நீ வாயேன்."

"எதுக்கு?"

"அவங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியல."

"தம்புரா வேண்டாம், தம்புராக்காரி மட்டும் வேணுமாக்கும்?" கத்தியால் நறுக்கிக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னாள். "கல்யாணத்துக்குக் கூப்பிடல, பாத்திரம் கழுவ மட்டும் கூப்பிடுறீங்க."

"அம்மா மைக்குக்கு ஒத்துக்குவா சித்தி. நாளைக்கு மத்தியானம் ஒத்துக்குவா. அதுக்கப்புறம் இப்படி ஒரு மேடை…"

கத்தி நின்றது. உள்ளறையில் அம்மா ஒரு தந்தியைத் தட்டிப் பார்ப்பது கேட்டது. மறுபடி தட்டினாள். விரல் சரியாக விழவில்லை.

"வேடிக்கை பார்க்க வரேன்," என்றாள் சித்தி. "அவ்வளவுதான். நான் யாருக்கும் ஒண்ணும் சொல்லித் தர மாட்டேன். எனக்கு என்ன தெரியும்?"

நான் முன்னமே கேட்டு வைத்திருந்ததால், புதன்கிழமை குச்சிக்காரர் அவளை மரியாதையாக வரவேற்று, பத்து நிமிடம் ஒதுக்கினார். சித்தி குடையைக் கையில் பிடித்தபடியே மேடைக்கு வந்து, காலியாக இருந்த ஒரே நாற்காலியில், பீரோக்காரருக்குப் பக்கத்தில், உட்கார்ந்தாள். எல்லாரும் பென்சிலை எடுத்துக்கொண்டார்கள். நான் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிச் சொன்னேன்.

"நீங்க எப்படி எண்ணுவீங்க?" என்றாள் முதல் வயலின் அம்மாள்.

"எண்ண மாட்டேன்."

"அப்ப எப்ப ஆரம்பிக்கணும்னு எப்படித் தெரியும்?"

"அக்கா உக்காந்ததும்."

"எப்ப நிறுத்துவீங்க?"

"அவ எழுந்ததும்."

பென்சில்கள் காத்திருந்தன. எழுத ஒன்றும் இல்லை. பீரோக்காரர் குனிந்து, கூச்சத்தோடு கேட்டார்: "வாசிக்கும்போது மனசுல என்ன நினைச்சுக்குவீங்க?"

சித்தி யோசித்தாள். "கேஸை அணைச்சுட்டு வந்தேனான்னு."

நான் அப்படியே சொன்னேன். அரங்கு முழுவதும் சிரித்தது. சித்திக்குப் புரியவில்லை. "எதுக்குச் சிரிக்கிறாங்க? நிஜமாத்தான் சொல்றேன். முப்பது வருஷமா அதைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்."

பத்து நிமிடம் முடிந்தது. மறுபடி வாசித்துப் பார்த்தார்கள். நேற்றைவிட மோசம். இப்போது எல்லாரும் சும்மா இருப்பதற்கு முயற்சி செய்துகொண்டிருந்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு யாரோ அறுபது பேர் தூங்குவதுபோல நடிக்கிற சத்தம். குச்சிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். ஓரத்தில் மைக்குக்காரர் சுருட்டிய கம்பியோடு, யார் முகத்தையும் பார்க்காமல், காத்துக்கொண்டு நின்றார். நானும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மணி அடித்தது. இடைவேளை.

இடைவேளை என்பது அந்தத் தொழிலில் ஒரு புனிதமான விஷயம். ஒன்றரை மணி நேரம் வாசித்தால் இருபது நிமிடம். சங்கம் வைத்த விதி. மணி அடித்த பிறகு ஒரு ஸ்வரம் வாசிக்கச் சொன்னாலும் தகராறு வரும். வில்கள் இறங்கின. பாதிப்பேர் காபிக்குப் போனார்கள். மிச்சப்பேர் கால்களை நீட்டிக்கொண்டு, தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பிள்ளைகளின் பல்வலியைப் பற்றிப் பேசிக்கொண்டு இருந்தார்கள். குச்சிக்காரர் பின்பக்கம் போய்விட்டார்.

அம்மா எழுந்திருக்கவில்லை. எழுந்து எங்கே போவது? மைக்கை வைக்கப்போகிற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, விரல் ஆறிவிடக் கூடாதென்றோ என்னவோ, யாருக்கும் இல்லாமல், காலையில் வீட்டில் வாசிப்பதுபோல, சஹானாவைத் தொட்டாள்.

நான் சித்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பீரோக்காரரிடமிருந்து வாங்கிய தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் திருகிக்கொண்டிருந்தாள். அம்மாவின் முதல் மீட்டு கேட்டதும் பாட்டில் மடியில் இறங்கியது. வலது கை தானாக நீண்டது. முப்பது வருடப் பழக்கம். எட்டிய தூரத்தில் எது இருக்கிறது என்று அந்தக் கைக்குப் பார்க்கத் தெரியாது. எட்டியது அந்தப் பெரிய வயலின். அதன் கனத்த தந்தியை, தம்புராவைத் தடவுவதுபோல, விரலின் பக்கவாட்டால் தடவினாள். அரங்கின் மரத்தரை மிக லேசாக அதிர்ந்தது.

பீரோக்காரர் தன் வாத்தியத்தை யாரையும் தொடவிட மாட்டார். அவர் கையில் பாதிக் கடித்த ஆப்பிள் இருந்தது. அவர் சித்தியின் விரலைப் பார்த்தார். ஆப்பிளைப் பல்லில் கவ்விக்கொண்டு, மறு கையால் தந்தியின் முறுக்கைக் கொஞ்சம் தளர்த்தி, சுருதி அம்மாவின் சுருதியில் போய் உட்காரும்படி செய்தார். பிறகு ஆப்பிளை முடித்துவிட்டு, ஏதோ நினைவாக வில்லை எடுத்தார். சித்தி கையை எடுத்துக்கொண்டு பாட்டிலோடு மறுபடி போராடத் தொடங்கினாள். ஒலி நிற்கவில்லை.

காபிக் கோப்பைகளோடு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பல்வலிப் பேச்சு தொடர்ந்துகொண்டே இருந்தது. பேசிக்கொண்டே ஒருத்தி வயலினை மடியில் வைத்துக்கொண்டு வில்லை ஒரு தந்தியின் மேல் போட்டாள். இன்னொருவர் தொலைபேசியில் எதையோ படித்தபடி. அது வாசிப்பில்லை. வேலை நேரமில்லை, சம்பளமில்லை, தாளில்லை, முன்னால் நிற்க ஆளில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்கிறது என்று தெரிவதற்கு முன்னாலேயே பெய்துகொண்டிருக்குமே, அதுபோல சுருதி எப்போதிருந்தோ அங்கே இருந்தது. அதன் மேல் வீணை நடந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு மீட்டு. ஒரு வளைவு. இன்னொன்று. நான் மேடையோரத்தில், வாயில் நுரை இல்லாமல், காத்திருந்தேன். நான்காவது வந்தது.

"அப்படியே இருங்க," என்று யாரோ சொன்னார்கள். கடைசி வரிசையிலிருந்து. குச்சிக்காரர். கையில் காகிதக் கோப்பையோடு, மூடாத கதவில் சாய்ந்தபடி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவர் சாதாரணக் குரலில்தான் சொன்னார், அது மேடைவரை வந்தது. உடனே எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், தோள்கள் சரியாயின, சுருதி செத்துப்போயிற்று.

"ஐயோ," என்றாள் சித்தி. "பாத்தியா, வாத்தியார் வந்துட்டார்."

அவர் மேடைக்கு வந்தபோது மைக்குக்காரரிடம் ஏதோ சொன்னார். மைக்குக்காரர் கம்பியைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். பிறகு குச்சிக்காரர் பெரிய புத்தகத்தைத் திறந்து, அந்தப் பன்னிரண்டு ஆவர்த்தனத்தையும் புரட்டிப் பார்த்தார். என்னிடம் பென்சிலை நீட்டினார்.

"என்னோடதுல மட்டும்தான் அந்த வார்த்தை இல்ல. எழுதுங்க. அப்புறம் உங்க சித்திகிட்ட கேளுங்க, அந்த நேரத்துல நான் என்ன செய்யணும்னு."

கேட்டேன்.

சித்தி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அவர் கையைக் கீழ போட்டுட்டு நிக்கணும். முடியுமான்னு கேளு. முடியாதுன்னா வெளிய போய் நிக்கச் சொல்லு."

அவரால் முடியவில்லை. இடைவேளைக்குப் பின் ஆறு முறை பார்த்தோம். ஆறு முறையும் எங்கோ ஓரிடத்தில் அவர் சுண்டுவிரல் அசைந்துவிடும். அசைந்ததும் அறுபது பேரும் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். ஏழாவது முறை பார்க்க நேரமில்லை. "நாளைக்கு," என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. அம்மா வீணையை உறையில் போட்டாள். மைக் போய்விட்டது. போனதைத் திருப்பிக் கேட்க அவளுக்கு இனி வாயில்லை. நாளைக்கு வீணை கேட்காவிட்டால், ஆயிரத்து இருநூறு பேர் முன்னால், வெறும் விரல்கள்தான் அசையும்.

வியாழன் மாலை ஏழு மணிக்கு அரங்கு நிறைந்தது. குச்சிக்காரர் சித்திக்கு மேடையில் இடம் போடுவதாகச் சொல்லியிருந்தார். தம்புராவையும் கொண்டுவரலாம் என்றார். சித்தி மறுத்துவிட்டாள். "அவங்களே பாத்துக்குவாங்க. எனக்கு முன்வரிசையில ஒரு சீட்டு போதும். முப்பது வருஷமா அக்கா முதுகைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். வாசிக்கும்போது அவ மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

நான் தாள்களை ஸ்டாண்டுகளில் வைத்தேன். எந்தச் சொல்லையும் அழிக்கவில்லை. பிறகு ஓடிப்போய்க் கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோரம், கதவுக்காரருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். சீருடை போட்ட வயதான மனிதர். தாமதமாக வருபவர்களை முதல் பகுதி முடியும்வரை நிறுத்தி வைத்து, பிறகு உள்ளே விடுவது அவர் வேலை.

முதல் பகுதி முடிந்தது. தாமதமாக வந்த நாலைந்து பேர் குனிந்தபடி நுழைந்தார்கள். குச்சிக்காரர் குச்சியை ஸ்டாண்டில் வைத்தார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு அதுவும் சரியில்லை என்று தோன்றியதோ என்னவோ, அவிழ்த்துத் தொங்கவிட்டார்.

சுருதி எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் கை அசைந்தது. ஒலி வரவில்லை. ஆயிரத்து இருநூறு பேரின் மேலங்கிகள் உரசுகிற சத்தம்தான் கேட்டது, எங்கோ ஓர் இருமல், யாரோ தாள் புரட்டுவது. கை மறுபடி அசைந்தது. ஒன்றுமில்லை. மூன்றாவது முறை அவள் மீட்டியபோது இருமல் நின்றிருந்தது. மேலங்கிகள் நின்றிருந்தன. நெடுந்தூரத்தில், ஓர் ஏரியின் அக்கரையில் யாரோ விளக்கை ஏற்றி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு எடுத்துப் போவதுபோல, அந்த ஒலி வந்தது. வளைந்தது. அடங்கப் போனது. அடங்கவில்லை.

கதவுக்காரர் கடைசி ஆளை உள்ளே விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். கைப்பிடியைத் திருப்பியபடியே நின்றுவிட்டார். விட்டால் அது 'டக்' என்று சொல்லும். அந்த அரங்கில் அது எல்லாருக்கும் கேட்கும் என்று அவருக்குத் தெரியும்.

பன்னிரண்டு ஆவர்த்தனத்தை நான் எண்ணினேன். எண்ணக் கூடாது என்று தெரியும், தொழில் பழக்கம். பத்து. பதினொன்று. பன்னிரண்டு. இப்போது குச்சிக்காரர் கையைத் தூக்க வேண்டும். கடைசிப் பகுதி ஓட்டமெடுக்க வேண்டும். தாளில் அப்படித்தான் இருக்கிறது.

அவர் தூக்கவில்லை. முதுகுதான் எனக்குத் தெரிந்தது. தோள்கள் தளர்ந்திருந்தன, தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. மறந்தே போய்விட்டார். அறுபது பேரும் அவரைப் பார்க்கவில்லை. பீரோக்காரர் கண்களை மூடியிருந்தார். அம்மா ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். காத்திருந்தாள். பிறகு, வேறு வழியில்லாமல், அல்லது வேறு வழி வேண்டாமல், பதின்மூன்றாவதற்குள் இறங்கினாள்.

அதற்குத் தாள் கிடையாது. என் அலமாரிகளில் எங்கேயும் கிடையாது. பதினான்கு, பதினைந்து. நான் எண்ணுவதை விட்டேன்.

பக்கத்தில் கதவுக்காரரின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. கைப்பிடியின் ஸ்பிரிங் பலமானது, திருப்பியே பிடித்திருப்பது எளிதல்ல. அவர் இன்னொரு கையையும் கொண்டுவந்து மேலே வைத்துக்கொண்டார். நான் என் கையையும் அவர் கைகளின் மேல் வைத்தேன்.

"முடிஞ்சுதா?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார்.

தெரியவில்லை என்று தலையாட்டினேன். நாங்கள் பிடித்துக்கொண்டே நின்றோம்.